குதிரைப் பந்தயம்: பணம் கட்டுமுன் கற்க வேண்டிய கணக்கு

இலண்டனில் வசிக்கும் என் தங்கையின் மகன் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தான். சுகநலம் விசாரித்து முடிந்ததும் சற்றுத் தயங்கியபடி, "மாமா, குதிரை ரேஸில காசு கட்டுறது எப்பிடி எண்டு உங்களுக்குத் தெரியுமோ? நீங்கள் ஒரு காலத்தில அதைப்பற்றிப் பேப்பரில எழுதினனீங்கள் எண்டு அம்மா சொன்னவ" என்று கேட்டான். அவனுடைய அலுவலக நண்பர்கள் சனிக்கிழமைகளில் கைத்தொலைபேசிச் செயலி மூலம் பந்தயம் கட்டுகிறார்களாம். தானும் சேர விரும்புகிறான். ஆனால் 5/1, 6/4 என்று அவர்கள் பேசும் பாஷை அவனுக்குப் புரியவில்லை.

"அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்திருக்கலாம். மாமன்மார் வழக்கமாகச் சொல்லும் பதில் அதுதான். ஆனால் அந்தப் பதிலைக் கேட்டுத் திருந்திய மருமக்களை நான் கண்டதில்லை. தவிரவும், இந்த விடயத்தில் எனக்கு ஒரு பழைய கடன் உண்டு. ஆகவே அவனுக்குச் சொன்னதை விரிவாக இங்கே எழுதுகிறேன். குதிரைப் பந்தயத்தில் பணம் கட்ட நினைக்கும் புதியவர் எவருக்கும் இது பயன்படலாம். கட்டாதிருக்கத் தீர்மானிப்பவருக்கு இன்னும் அதிகமாகப் பயன்படலாம்.

கடனின் கதையை முதலில் சொல்ல வேண்டும். 1990களின் முற்பகுதியில் நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உதவி ஆசிரியனாகச் சேர்ந்தேன். புதிதாக வருபவன் தலையில் யாரும் விரும்பாத வேலைகளைக் கட்டுவது ஆசிரியபீட மரபு. என் தலையில் விழுந்தது இங்கிலாந்துக் குதிரைப் பந்தயப் பத்தி. தொலைநகலில் வரும் ஆங்கிலத் தாள்களைப் பார்த்து, அன்றைய ஓட்டங்களையும் "இன்றைய தெரிவுகள்" என்ற தலைப்பில் வெல்லக்கூடிய குதிரைகளையும் தமிழில் தரவேண்டும். அதுவரை ஒரு பந்தயக் குதிரை ஓடுவதை நான் நேரில் கண்டதில்லை. இரண்டு ஆங்கில நிபுணர்கள் ஒரே குதிரையைச் சொன்னால் அதற்கு நட்சத்திரக் குறி இடுவேன். அவர்கள் முரண்பட்டால், எந்தக் குதிரையின் பெயர் தமிழில் எழுதுவதற்கு இலகுவோ அதைத் தெரிவு செய்வேன். இது நகைச்சுவைக்காகச் சொல்வதல்ல. உண்மையில் அவ்வாறுதான் செய்தேன்.

இலங்கையின் நிலைமை விசித்திரமானது. கொழும்பு றீட் அவெனியூவில் இருந்த குதிரைப் பந்தயத் திடலில் 1956ஆம் ஆண்டுடன் ஓட்டங்கள் ஓய்ந்துவிட்டன. இன்று அங்கே விளையாட்டரங்கும் அங்காடிகளும் இருக்கின்றன. நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலத்தில் குதிரைகள் ஓடுகின்றன. ஆயினும் பல நகரங்களில் ரேஸ் புக்கிகள் ஆண்டு முழுவதும் திறந்திருந்தன. குதிரை இங்கிலாந்தில் ஓடும். பணம் கொட்டாஞ்சேனையிலும் ஹற்றனிலும் கைமாறும். இங்கிலாந்தின் பிற்பகல் ஓட்டங்கள் நமக்கு மாலை வேளையில் வருவதால், வேலை முடிந்து கூலியோடு வீடு திரும்புபவனின் வழியிலேயே கடை திறந்திருக்கும். அரசாங்கமும் 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கப் பந்தய, சூதாட்ட அறவீட்டுச் சட்டத்தின் மூலம் இந்தத் தொழிலில் வரி வாங்கி வருகிறது. ஆக, இது மறைவில் நடந்த குற்றமல்ல. வரி கட்டிய வியாபாரம். வியாபாரம் என்ற அந்தச் சொல்லை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனிப் பாடத்துக்கு வருவோம்.

பிரித்தானியாவில் ஓட்டங்கள் இரு வகைப்படும். ஒன்று தடையில்லாச் சமதள ஓட்டம்; மற்றது வேலிகளைத் தாண்டி ஓடும் ஓட்டம். எப்சத்தில் 1780 முதல் நடைபெறும் டேர்பி முதல் வகை. தூரம் ஏறத்தாழ 2,400 மீற்றர். எயின்ட்ரியில் நடக்கும் கிராண்ட் நஷனல் இரண்டாம் வகை, ஏறத்தாழ 6.9 கிலோமீற்றர் தூரத்தில் 30 தாண்டல்கள். இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கக்கூடாது. வேலி தாண்டும் ஓட்டத்தில் மிகச் சிறந்த குதிரையும் விழலாம். முன்னால் விழுந்த குதிரையால் தடுக்கப்படலாம். 1967இல் அவ்வாறு ஒரு வேலியருகே பெருங்குழப்பம் ஏற்பட்டு ஏறக்குறைய எல்லாக் குதிரைகளும் தடுக்கப்பட்டபோது, வெகு பின்னால் வந்துகொண்டிருந்த ஃபொய்னவொன் என்ற குதிரை இடைவெளி கண்டு தாண்டி 100/1 விலையில் வென்றது. 1956இல் இராணித் தாயாரின் டெவன் லொக் வெற்றிக் கோட்டுக்குச் சற்று முன்னால், எந்தத் தடையும் இல்லாத இடத்தில், திடீரென வயிறு தரையில் படச் சரிந்தது. ஏன் என்பதற்கு இன்றுவரை முடிவான விளக்கம் இல்லை.

ஓட்டப் பட்டியலில் ஒவ்வொரு குதிரையின் பெயருக்கும் பக்கத்தில் இலக்கங்களின் வரிசை ஒன்று இருக்கும். அது அக்குதிரையின் அண்மைக்காலச் சரித்திரம். உதாரணமாக 31-20P4 என்று இருந்தால், வலக்கோடியில் இருப்பதே கடைசி ஓட்டம். சென்ற பருவத்தில் மூன்றாமிடம், பின் முதலிடம், சிறு கோட்டுக்குப் பின் இந்தப் பருவத்தில் இரண்டாமிடம், அடுத்து 0, அதாவது முதல் ஒன்பது இடங்களுக்குள் வரவில்லை, P என்பதற்குக் குதிரையோட்டி இடையிலேயே நிறுத்திவிட்டார் என்று பொருள், கடைசியாக நான்காமிடம். F என்று இருந்தால் குதிரை விழுந்தது. U என்றால் ஓட்டியை வீழ்த்திவிட்டது. அதன்பின் கவனிக்க வேண்டியவை தரையின் ஈரம், தூரம், சுமக்கும் நிறை, ஜொக்கி, பயிற்றுநர் ஆகியன. இறுகிய தரையில் பறக்கும் குதிரை சேற்றில் திணறலாம்.

நிறை என்பது முக்கியமானது. "ஹண்டிகப்" எனப்படும் ஓட்டங்களில், திறமையான குதிரைக்குக் கூடிய நிறையும் திறமை குறைந்ததற்குக் குறைந்த நிறையும் அதிகாரிகளால் விதிக்கப்படுகின்றன. எல்லாக் குதிரைகளுக்கும் ஏறக்குறைய சமமான வாய்ப்பை உண்டாக்குவதே இதன் நோக்கம். புதியவர் இதைச் சற்று யோசிக்க வேண்டும். யார் வெல்வார் என்று ஊகிக்க முடியாதபடி செய்வதையே தொழிலாகக் கொண்ட நிபுணர்கள் நிறை விதித்த ஓட்டத்தில், யார் வெல்வார் என்று நாம் ஊகிக்க முயல்கிறோம். 34 குதிரைகள் வரை ஓடும் கிராண்ட் நஷனலும் ஒரு ஹண்டிகப் ஓட்டமே.

அடுத்தது விலை. 5/1 என்றால், 100 ரூபா கட்டி வென்றால் 500 ரூபா இலாபமும் கட்டிய 100 ரூபாவும் கையில் வரும். 6/4 என்றால் 100க்கு 150 இலாபம். 4/6 என்றால் 150 கட்டினால்தான் 100 இலாபம். அவ்வளவு தூரம் வெல்லும் என எதிர்பார்க்கப்படும் குதிரை அது. இதுவரைக்கும் எந்த நண்பரும் கற்றுத்தருவார். அவர் கற்றுத்தராதது இனி வருவது.

ஒவ்வொரு விலைக்குள்ளும் ஒரு வீதம் ஒளிந்திருக்கிறது. 5/1 என்பது ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு, அதாவது 16.67 வீதம். பின்னத்தின் இரண்டு எண்களையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் பின் எண்ணை வகுத்தால் வீதம் கிடைக்கும். ஆறு குதிரைகள் ஓடும் ஒரு கற்பனை ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். விலைகள்: 6/4, 3/1, 4/1, 6/1, 10/1, 16/1. இவற்றின் வீதங்கள் முறையே 40, 25, 20, 14.29, 9.09, 5.88. ஒரு குதிரைதான் வெல்லப்போகிறது. ஆகவே நியாயப்படி கூட்டுத்தொகை 100 ஆக இருக்கவேண்டும். கூட்டிப் பாருங்கள்: 114.26. மேலதிகமாக இருக்கும் அந்த 14.26தான் புக்கியின் அரிசியும் பருப்பும். விலைகளுக்கு ஏற்றவாறு பணம் எல்லாக் குதிரைகள் மீதும் பரவிவிட்டால், அவன் வாங்கும் ஒவ்வொரு 114.26 ரூபாவுக்கும் 100 ரூபாவையே திருப்பிக் கொடுப்பான். எந்தக் குதிரை வென்றாலும் அவனுக்கு 12.5 வீதம் மிஞ்சும்.

நூற்றுக்கு பன்னிரண்டரை பெரிய தொகையல்லவே என்று தோன்றும். ஆனால் பந்தயம் கட்டுபவர் ஒருதரம் கட்டிவிட்டு ஓய்வதில்லை. கையில் திரும்பி வந்ததை மீண்டும் கட்டுகிறார். 10,000 ரூபாவுடன் தொடங்கி, ஒவ்வொரு முறையும் மிஞ்சியது முழுவதையும் கட்டிக்கொண்டு போனால், பத்தாவது சுற்றின் முடிவில் சராசரிக் கணக்குப்படி எஞ்சுவது ஏறத்தாழ 2,630 ரூபா. யாரும் ஏமாற்றவில்லை, ஓட்டத்தில் சூழ்ச்சி இல்லை, ஜொக்கி லஞ்சம் வாங்கவில்லை. நேர்மையாக நடந்த வியாபாரத்திலேயே முக்கால் பங்கு கரைந்துவிடுகிறது.

டபிள், டிரெபிள் என்று சொல்லப்படுபவை இந்தக் கரைதலை விரைவுபடுத்துபவை. இரண்டு அல்லது மூன்று ஓட்டங்களின் வெற்றியாளரை ஒரே சீட்டில் சேர்த்துக் கட்டுவது. சிறு தொகைக்குப் பெருந்தொகை வரும் என்பதே கவர்ச்சி. ஆனால் புக்கியின் பங்கும் அதே முறையில் பெருகுகிறது. ஒற்றைப் பந்தயத்தில் 12.5 வீதமாக இருந்தது, டபிளில் 23 வீதத்துக்கு மேலாகவும், டிரெபிளில் 33 வீதமாகவும் ஆகிவிடும். 1996 செப்டெம்பர் 28ஆம் திகதி அஸ்கொட்டில் ஃபிராங்கி டெட்டோரி என்ற ஜொக்கி ஒரே நாளில் ஏழு ஓட்டங்களையும் வென்றார். ஏழையும் சேர்த்துக் கட்டியிருந்தவர்களுக்கு ஒன்றுக்கு 25,000க்கு மேல் கிடைத்தது. அந்த ஒரு நாளை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மற்ற நாட்களை நினைவில் வைத்திருப்பது புக்கியின் கணக்குப் புத்தகம் மட்டுமே.

"ஈச் வே" என்பதையும் புதியவர்கள் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். அது ஒரு பந்தயமல்ல, இரண்டு. பாதிப் பணம் வெற்றிக்கு, பாதிப் பணம் இடத்துக்கு. 100 ரூபா ஈச் வே என்றால் 200 ரூபா கட்டவேண்டும். இடம் மட்டும் கிடைத்தால் விலையின் நாலில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோதான் தருவார்கள். பிரித்தானிய வழக்கப்படி ஐந்து முதல் ஏழு குதிரைகள் ஓடினால் முதல் இரண்டு இடங்களும், எட்டும் அதற்கு மேலும் ஓடினால் பொதுவாக முதல் மூன்று இடங்களும் கணக்கில் வரும்.

புக்கி இல்லாத முறையும் உண்டு. 1867இல் பிரான்சில் ஜோசப் ஒல்லேர் தொடக்கிவைத்த பொதுத்தொகை முறை அது; பிரித்தானியாவில் 1928ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வந்தது; "டோட்" என்பர். எல்லோருடைய பணமும் ஒரே தொட்டியில் சேரும். நடத்துபவர் தம் பங்கைக் கழித்துக்கொள்வார். மிகுதி வென்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். தொட்டியில் ஒரு இலட்சம் ரூபா, கழிவு 20 வீதம், வென்ற குதிரை மீது 8,000 ரூபா கட்டப்பட்டிருந்தது என்றால், ரூபா ஒன்றுக்கு 10 ரூபா. இங்கே உங்கள் எதிரி புக்கியல்ல, உங்களைப்போலப் பணம் கட்டிய மற்றவர்கள். அவர்களைவிட நன்றாக ஊகித்தால் மட்டும் போதாது. கழிவையும் மீறும் அளவுக்கு நன்றாக ஊகிக்கவேண்டும்.

"அப்படியானால் திறமைக்கு இடமே இல்லையா?" என்று மருமகன் கேட்டான். இருக்கிறது. 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம், சென்னைக் கிண்டிப் பந்தயத் திடல் சம்பந்தப்பட்ட வழக்கில், குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டத்தைவிடத் திறமையையே பிரதானமாகச் சார்ந்தது எனத் தீர்ப்பளித்தது. ஹொங்கொங்கில் 1980களின் நடுப்பகுதி தொடக்கம் பில் பென்டர் என்ற அமெரிக்கர், ஒவ்வொரு குதிரையைப் பற்றியும் ஏராளமான தரவுகளைக் கணினியில் இட்டு, பல ஆண்டுகள் உழைத்துப் பெருஞ்செல்வம் ஈட்டினார். ஆகவே திறமை உண்டு. ஆனால் திறமை உள்ளது என்பதும், அது நம்மிடம் உள்ளது என்பதும் வேறுவேறு. சதுரங்கமும் திறமையின் ஆட்டந்தான். அதற்காக உலக சம்பியனோடு பணம் வைத்து ஆடுவோமா? இன்னொன்று, இணையவழிப் பந்தய நிறுவனங்கள் பல, தொடர்ந்து வெல்பவர் கட்டக்கூடிய தொகையைச் சில காசுகளுக்குக் குறைத்துவிடுகின்றன. தோற்பவருக்கு அப்படி எல்லை வைக்கும் அவசரம் அவற்றுக்கு இருந்ததில்லை.

மக்கள் அதிகம் விரும்பும் குதிரை ஏறத்தாழ மூன்றில் ஒரு ஓட்டத்தில் வெல்கிறது. அதனால் அதன் மீதே கட்டினால் இலாபம் என்று எண்ணிவிடக்கூடாது. மீதி இரண்டில் இழப்பதை ஈடுசெய்ய அதன் விலை போதாது. விலை கூடிய குதிரைகள் மீது கட்டுவது இதைவிட மோசம். சிறுவாய்ப்புள்ள குதிரைகளை மக்கள் அவற்றின் தகுதிக்கு மேலாக நம்புகிறார்கள் என்பதை 1949இலேயே கிரிஃபித் என்ற உளவியலாளர் அமெரிக்கப் பந்தயங்களின் புள்ளிகளைக் கொண்டு காட்டியிருக்கிறார். ஏழைக்குத்தான் 50/1 அழகாகத் தெரியும். அந்த அழகுக்கே அவன் கூடுதல் விலை கொடுக்கிறான்.

இனி என் கடன். எங்கள் பத்திரிகையில் ஒப்புநோக்காளர் ஒருவர் இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். சந்திப் பிழை ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தப்பாது. என் பந்தயப் பத்தியைத் திருத்துபவரும் அவரே. ஆகவே மற்றெல்லோருக்கும் முன்னால் அதை வாசிப்பவரும் அவரே. ஒருநாள் நான் நட்சத்திரக் குறியிட்ட மூன்று குதிரைகளும் வென்றன. அவர் அந்த மூன்றையும் டிரெபிளாகக் கட்டியிருந்தார். மறுநாள் ஆசிரியபீடம் முழுவதற்கும் தேநீரும் பற்றிஸும் வந்தன. "தம்பி, உம்மட கை ராசியான கை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் மகிழ்ந்தேன் என்பதை ஒளிக்கவில்லை.

திருக்குறளில் சூதுக்கென ஓர் அதிகாரம் இருக்கிறது. அது தொடங்குவது தோல்வியைப் பற்றிய எச்சரிக்கையோடு அல்ல, வெற்றியைப் பற்றிய எச்சரிக்கையோடு. அதன் பொருள் எனக்குப் பல்கலைக்கழகத்தில் விளங்கவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளில் விளங்கியது. பற்றிஸுக்குப் பின் சம்பள முற்பணம். பிறகு சக ஊழியர்களிடம் கைமாற்று. பிறகு மகளின் காப்புகள் அடகுக்கடைக்குப் போயின. ஒரு மாலை, பக்கங்கள் அச்சுக்குப் போனபின், அவர் என் மேசைக்கு வந்து மெதுவாகக் கேட்டார்: "தம்பி, இதுகளை எப்பிடித் தெரிவு செய்யிறனீர்?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். எழுத இலகுவான பெயரைத் தெரிவு செய்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். "லண்டனிலை இருந்து வாறது, அண்ணை" என்று சொன்னேன். அது பொய்யுமல்ல, அதனால்தான் இன்றுவரை உறுத்துகிறது. சில மாதங்களின் பின் அவர் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவருடைய மனைவி கடைசிச் சம்பளத்தைக் கேட்டு வந்தார். எடுத்த முற்பணமே கூடுதலாக இருக்கிறது, கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று கணக்குப் பிரிவில் சொன்னார்கள். நான் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிப் போய்ப் பேசத் துணிவு வரவில்லை. அந்த வாரமே பத்தியை எழுத மாட்டேன் என்று சொன்னேன். வேறொருவருக்குக் கொடுத்தார்கள். பத்தி ஒருநாளேனும் நிற்கவில்லை.

அவருடைய வீழ்ச்சிக்கு நானே காரணம் என்று சொல்லவரவில்லை. பணம் கட்டியவர் அவர். ஆனால் நாங்கள் ஒவ்வொரு நாளும் தெரிவுகளை அச்சிட்டோம். கணக்கை ஒருநாளும் அச்சிடவில்லை. சந்தை விலைப் பட்டியல் போட்டால் விலை சரியா என்று பார்க்கிறோம். மரண அறிவித்தலில் ஓரெழுத்துப் பிழைத்தால் மறுநாள் வருத்தம் தெரிவிக்கிறோம். ஒரு மாதம் முழுவதும் பிழைத்த குதிரைகளுக்கு மட்டும் யாரும் வருத்தம் தெரிவிப்பதில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். பந்தயத்தைத் தடைசெய் என்று நான் கேட்கவில்லை. தடை புக்கியை முன்வாசலிலிருந்து பின்வாசலுக்கு மாற்றும் என்பதே என் அனுபவம். 2025இல் நமது பாராளுமன்றம் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஒரு தனி அதிகார சபைக்கான சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. அந்தச் சபை முதலில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. விலைப்பட்டியல் போடும் ஒவ்வொரு கடையும் செயலியும் அந்த ஓட்டத்தின் மொத்த வீதத்தை, அதாவது 114 என்பதை, விலைகளின் கீழே பெரிய எழுத்தில் போடவேண்டும். தெரிவுகளை வெளியிடும் பத்திரிகைகளும் இணையத்தளங்களும், சென்ற மாதத் தெரிவுகள் எல்லாவற்றிலும் 100 ரூபா வீதம் கட்டியிருந்தால் கையில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதை அதே பக்கத்தில் போடவேண்டும். இரண்டு வரி இடம் போதும்.

மருமகனுக்குச் சொன்ன விதிகள் சில. கட்டுமுன் விலைகளை வீதமாக்கிக் கூட்டிப் பார். சினிமாவுக்குச் செலவிடும் தொகைக்கு மேல் கட்டாதே. அதுவும் திரும்பி வராத பணம் என்றே எண்ணு. டபிள், டிரெபிள் வேண்டாம். கட்டியதையும் வந்ததையும் ஒரு கொப்பியில் எழுதி வை. மனம் வெற்றியை மட்டும் ஞாபகம் வைக்கும். இழந்ததை அன்றே மீட்க நினைக்காதே. கடன் பணத்தில் கட்டாதே. பிரித்தானியாவிலேயே 2020 ஏப்ரல் முதல் கடனட்டையில் பந்தயம் கட்ட முடியாது என்றால், காரணம் இருக்கவேண்டும் அல்லவா? கை மீறுகிறது என்று தோன்றினால், உரிமம் பெற்ற இணையவழி நிறுவனங்கள் எல்லாவற்றிலிருந்தும் உன்னை நீயே விலக்கிக்கொள்ளும் கேம்ஸ்டொப் என்ற ஏற்பாடு அங்கே உண்டு, அதில் பதிவுசெய். நிச்சயம் வெல்லும் என்று யாராவது குதிரையின் பெயரை விற்க வந்தால், நிச்சயமானதை ஏன் விற்கிறாய் என்று கேள்.

அடுத்த சனிக்கிழமை அவனிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. நண்பர்கள் கட்டவிருந்த ஓட்டத்தின் விலைகளை வீதமாக்கிக் கூட்டியிருந்தான். "மாமா, 121 வருகுது. பிழையா கூட்டிப்போட்டனோ?" என்று கேட்டிருந்தான். பிழையில்லை, அப்படித்தான் வரும் என்று பதில் அனுப்பினேன். முப்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலை வேளையில், என் மேசையருகே நின்றவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.